பெயர் மறந்த கதைகள்

துப்பறியும் புதினங்களைப் பற்றித் தமிழ்த்துறையின் மலரில் எழுதுவது தகுமோ என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எளிய தமிழ் மக்களைப் புதினம் படிக்கச் செய்தனர் என்பதும், அவர்தம் நூல்களுள் பல மருமக் கதைகளே என்பதும் இலக்கிய வரலாறு அறிந்தோர்க்குப் புதிய செய்தியல்ல. ஆதலின் தயக்கமின்றித் தொடங்குகிறேன்.

நான் திண்டிவனத்தில் பிறந்தவன். விழுப்புரத்தில் கல்லூரிப் படிப்புப் படித்தவன். அந்நாளில் இவ்விரண்டு ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1993இல்தான் விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. சீசன் சீட்டு வைத்துக்கொண்டு நாள்தோறும் இரயிலில் சென்று வந்தோம். வழித்துணை, மாதந்தோறும் வெளியாகும் மலிவு விலை நாவல்கள். மயிலத்தில் பிணம் விழும்; பேரணியில் காவல் ஆய்வாளர் வருவார்; விக்கிரவாண்டியில் ஐயத்திற்குரியோர் நால்வர் நிற்பர்; முண்டியம்பாக்கம் கடந்ததும் கொலையாளி பிடிபடுவான். விழுப்புரம் சந்திப்பில் இறங்கும்போது பெரும்பாலும் மனத்தில் எஞ்சுவது ஏமாற்றமே.

அவ்வேமாற்றத்தின் இயல்பை விளக்க வேண்டும். கதை விறுவிறுப்பாகவே செல்லும். கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளர் விரலை நீட்டி, "கொலை செய்தவன் மகேஷ்!" என்பார். படிப்பவனோ திகைத்து, "யார் இந்த மகேஷ்?" என்று பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுவான். ரமேஷ், சுரேஷ், தினேஷ், மகேஷ் என்று அனைவர்க்கும் ஒரே ஓசையுடைய பெயர்கள். அனைவர்க்கும் ஒரே வயது, ஒரே மீசை, ஒரே மோட்டார் சைக்கிள். இறந்தவன் எவன், கொன்றவன் எவன் என்பதே தெளிவாகாத நிலையில் திடுக்கிடுவது எங்ஙனம்? குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும் என்று இங்கிலாந்தின் ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைகளுக்கு விதி வகுத்தார். நம் மகேஷும் மூன்றாம் அத்தியாயத்தில் ஒருமுறை தேநீர் அருந்திவிட்டுச் சென்றிருப்பான். விதி நிறைவேறிவிட்டது, ஆனால் அவன் யாரென்பது நம் நெஞ்சில் பதியவில்லை.

பதிந்தவர்களும் உளர். தேவனின் துப்பறியும் சாம்புவை எவரும் மறப்பதில்லை. அசடு என்று ஊரே எண்ணும் வங்கி எழுத்தர் அவர். தமிழ்வாணனின் சங்கர்லாலைத் தேநீர்க் கோப்பையோடுதான் நினைவுகூர முடியும். சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷும் அவர்தம் இளையவர் வசந்தும் பேசினால், யார் பேசுகிறார் என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. வசந்தின் குறும்பு தானே காட்டிக்கொடுத்துவிடும். (சுஜாதா என்பது ரங்கராஜனின் துணைவியார் பெயர்; சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் இருவர் இணைந்த பெயர்; ராஜேஷ்குமாரின் இயற்பெயர் ராஜகோபால். மருமம் எழுதுவோர் தம் பெயரிலிருந்தே மருமத்தைத் தொடங்கிவிடுகின்றனர் போலும்!)

பெயர் ஏன் நினைவில் நில்லாது நழுவுகிறது என்பதை உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். 1987இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, அவரவர் பெயரையும் தொழிலையும் கற்பித்தனர். ஆங்கிலேயரிடையே 'பேக்கர்' என்பது குடும்பப் பெயருமாகும். ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் தொழிற்சொல்லுமாகும். அத்தகைய சொல்லைத் தொழில் என்று கற்பித்தபோது எளிதில் நினைவுகூர்ந்தனர். அதே சொல்லைப் பெயர் என்று கற்பித்தபோது தடுமாறினர். ரொட்டி சுடுபவர் என்றதும் அடுப்பும் மாவும் மணமும் உடன் வருகின்றன. பேக்கர் என்னும் பெயரோடு எதுவும் வருவதில்லை.

எம் பகுதிப் பெயர்கள் அத்துணை வெறுமையானவை அல்ல என்பது என் கருத்து. அங்காளன் என்றால் மேல்மலையனூர் கண்முன் வரும். அர்ச்சுனன், பாஞ்சாலி என்றால் திரௌபதியம்மன் கோயிற் கூத்தின் ஓசை கேட்கும். நாகூர் மீரான் என்றால் நாகூர்த் தர்காவின் மினாராக்கள் தோன்றும். இப்பெயர்களுள் ஒன்றையேனும் அந்நாவல்களில் நான் கண்ட நினைவில்லை. பெயருக்கு ஊரும் இல்லை, தெருவும் இல்லை, தாத்தாவும் இல்லை என்றால் அஃது எதைப் பற்றிக்கொண்டு நெஞ்சில் நிற்கும்?

பெயரே அழிந்தாலும் ஆளை நிறுத்திக்கொள்ளும் வழியொன்றை நம் முன்னோர் அறிந்திருந்தனர். குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில் பாடல் கிடைத்தது; பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பெயரறியாப் புலவர் என்று ஒதுக்கிவிடாமல், அவரவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார், ஓரேருழவர், குப்பைக் கோழியார் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவையே என்பர். பெற்றோர் இட்ட பெயர் யாதென இனி ஒருவரும் அறியப்போவதில்லை. ஆயினும் அவரைத் தேடிச் செல்லும் மாணவன் வழி தவறாமல் அவர் பாட்டின் வாயிலில் போய் நிற்கிறான்.

இம்முறையை என் அத்தா தம் கடையில் கையாண்டார். அவர் குறுந்தொகை படித்தவரல்லர். திண்டிவனத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தவர். நான் படித்து முடித்த நாவல்களை நண்பகலில் கல்லாவில் அமர்ந்து படிப்பார். பாதியில் என்னை அழைப்பார்.

"இந்த மகேசு யாரு தம்பி?"

"பேங்க் மானேஜருடைய மச்சான், அத்தா."

"மச்சான்னே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே!"

அறுபதைக் கடந்தபின் அவருக்குப் பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின. கடைக்கு வருபவரின் பாட்டனார் எந்த ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்தார் என்பது நினைவிருக்கும். எதிரில் நிற்பவரின் பெயர் நாவுக்கு வராது. தொண்டைவரை வந்த பெயரை இழுக்க இயலாமல் அவர் கண்களை மூடிக்கொண்டு நிற்பதைக் காண்பது எமக்குப் பெருந்துயரமாக இருந்தது. 'வாங்க அண்ணே', 'வாங்க பாய்', 'வாம்மா தாயே' என்று உறவு முறைகளாலேயே சமாளித்துவிடுவார். பேச்சில் எவரும் குறை காணவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது செல்லாதன்றோ? அங்கு ஆளைக் குறித்தாக வேண்டும்.

1996இல் அவர் காலமானார். இறந்தவரின் கடன்களைத் தீர்த்த பின்னரே அவர் விட்டுச் சென்றதைப் பங்கிட வேண்டும் என்பது மார்க்கம் விதித்த முறை. ஆகவே அவர் பிறர்க்குத் தர வேண்டிய பாக்கிகளைத் தேடி அப்புத்தகத்தைப் பிரித்தோம். சில்லறை இல்லாமையால் நின்றுபோன தொகைகள், முன்பணமாக வாங்கிய தொகைகள் என்று ஏழு பதிவுகள் இருந்தன. கடைசி ஆண்டுகளில் எழுதியவை. ஒன்றிலும் பெயர் இல்லை. 'ஓமந்தூர் மாட்டுத் தரகர்', 'சவுக்குத் தோப்பு அம்மா', 'வெள்ளிமேடுபேட்டை வாத்தியார், நரைத்த மீசை', 'ஒற்றை மாட்டுவண்டி' என்றெல்லாம் எழுதியிருந்தார்.

நானும் தம்பியும் இரண்டு மாதம் மிதிவண்டியில் அலைந்தோம். எந்தத் துப்பறியும் நாவலும் தராத ஆவல் அத்தேடலில் எமக்கு இருந்தது. ஓமந்தூரில் முதலில் கேட்ட மனிதரே தரகரின் வீட்டைக் காட்டினார். சவுக்குத் தோப்பு அம்மா காலமாகிவிட்டார். அவர் மகள் தொகையை வாங்க மறுத்து, பின்பு அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார். வாத்தியாரைக் கண்டபோது மீசையை மழித்திருந்தார். நல்லவேளையாக அவ்வூரில் வேறு வாத்தியார் எவரும் ஓய்வு பெற்றிருக்கவில்லை. இவ்வாறு ஆறு பேருக்குரியதைச் சேர்ப்பித்தோம். அவ்வறுவரின் இயற்பெயர்கள் இன்றுவரை எனக்கு மனப்பாடம்.

ஏழாவது பதிவு இது: 'மழைக்கு ஒதுங்கியவர். 45 ரூபாய் தரணும்.' நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பொருள் வாங்கி, மீதியைப் பெறுமுன் பேருந்து வந்துவிட ஓடியிருப்பார் என்பது எம் ஊகம். கடைத்தெருவில் அனைவரிடமும் கேட்டோம். அடுத்த மழைக்காலம் வரையில் பொறுத்தும் பார்த்தோம். எவரும் வந்து கேட்கவில்லை. உரியவரைக் காண இயலாவிடின் அவர் சார்பில் தருமம் செய்துவிடுங்கள் என்று பள்ளிவாசல் இமாம் அவர்கள் கூறினார்கள். தொகையைச் செலுத்தியபோது, யார் பெயரில் இரசீது எழுதுவது என்று நிருவாகி வினவினார். அத்தா எழுதியிருந்தபடியே எழுதுமாறு வேண்டினோம். அவரும் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டு, 'மழைக்கு ஒதுங்கியவர்' என்றே எழுதித் தந்தார்.