வரிந்து கட்டத்தான் வேண்டுமா?

பெரிய காரியம் எதையும் ஆரம்பிக்குமுன் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக் கொள்வார்கள். நூறு பேர் சமையலானாலும் சரி, குழாயடிச் சண்டையானாலும் சரி, முதலில் அது நடந்தாக வேண்டும். ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வரிந்து கட்டுகிற விஷயத்தைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது முந்தானையை அல்ல. பளு தூக்குகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற தடித்த தோல் பெல்ட்டை.

“உனக்கும் அதற்கும் என்னம்மா சம்பந்தம்?” என்பீர்கள். எனக்கு வயது 57. வாரத்தில் இரண்டு நாள் ஜிம்முக்குப் போய் ‘டெட்லிஃப்ட்’ செய்கிறேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இரண்டு முனையிலும் எடை மாட்டிய இரும்புத் தண்டு தரையில் கிடக்கும். அதைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நின்று, மறுபடி கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது நான் தூக்குவது 60 கிலோ. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள், எங்கள் வீட்டில் அவரும் முதலில் சிரித்தவர்தான்.

எனக்கு இது பொழுதுபோக்கு அல்ல. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, அவளை எழுப்பி உட்கார வைப்பதும் நாற்காலிக்கு மாற்றுவதும் என் பொறுப்பு. நானும் விழுந்தால் எங்கள் இருவரையும் யார் தூக்குவது? டாக்டர் சோதித்துப் பார்த்ததில் என் எலும்பிலும் அடர்த்தி குறைந்திருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது சகஜம். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட 101 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்து, 2018-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளரின் கண்காணிப்பில் கனமான பளு தூக்கினார்கள். அதில் டெட்லிஃப்டும் உண்டு. எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு அது குறைந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் துணிந்தேன்.

எடை 50 கிலோவைத் தொட்டதும் பெல்ட் பிரச்னை வந்தது. “அம்மா, இனிமே பெல்ட் போட்டுக்குங்க” என்றார் மாஸ்டர். பக்கத்தில் பயிற்சி செய்கிற பெண்ணோ, “வேண்டாம் ஆன்ட்டி, அதைப் போட்டா முதுகு சோம்பேறியாயிடும்” என்றாள். ஜிம்முக்கு ஜிம் இந்த இரண்டு கட்சியும் உண்டு. யார் பேச்சைக் கேட்பது?

பெல்ட் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அது முதுகைத் தாங்கிப் பிடிக்கிற முட்டுக்கட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சைக்கிள் சக்கரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே டியூபில் காற்று, வெளியே டயர். டயர் இறுக்கிப் பிடிப்பதால்தான் அந்தக் காற்று கல்லுப்போல் நின்று ஆளைச் சுமக்கிறது. நாம் வயிறு நிறைய மூச்சை இழுத்து நிறுத்தும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, முதுகெலும்புக்குப் பக்கபலமாகிறது. வயிறு பெல்ட்டின்மேல் மோதி அழுத்தும்போது அந்த அழுத்தம் இன்னும் கூடுகிறது. ஆக, மூச்சுதான் காற்று. பெல்ட் வெறும் டயர். காற்றில்லாத டயரால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

முதுகு சோம்பேறியாகிவிடும் என்ற பயமும் அதிகப்படி. பெல்ட்டுக்குள்ளும் தசைகள் உழைக்கத்தான் செய்கின்றன. அதற்காக, பெல்ட் கட்டினால் முதுகுக்கு ஆபத்தே வராது என்றும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் கடைச் சாமான்களைத் தூக்கி இறக்குகிற 9,377 ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2000-ல் வெளிவந்தது. இடுப்புப் பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு உபாதையில் வித்தியாசம் காணவில்லை! அந்தப் பட்டை வேறு, இந்தப் பெல்ட் வேறு என்பது வாஸ்தவம். ஆனாலும் இடுப்பில் எதையாவது சுற்றிக்கொண்டால் போதும் என்ற எண்ணத்துக்கு அது நல்ல பதில்.

எனக்கு வழி காட்டியது எங்கள் சமையலறை. காஸ் சிலிண்டரில் காஸ் மட்டுமே 14.2 கிலோ; இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ. அம்மாவோ, இளைத்தும் 48 கிலோ. இவற்றில் எதற்காவது நான் பெல்ட்டைத் தேடிப் போக முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால், வெறும் இடுப்போடுதான் ஓடியாக வேண்டும். ஆகையால் பெல்ட் இல்லாமல் தூக்குவதுதான் என் முதல் பாடம் என்று தீர்மானித்தேன்.

மூச்சை வயிற்றிலும் விலாவிலும் முதுகுப்புறமும் நிரப்பி நிறுத்தவும், முதுகு வளையாமல் இடுப்பை மடக்கிக் குனியவும், தண்டைக் காலோடு ஒட்டித் தூக்கவும் மூன்று மாதம் பழகினேன். அதன் பிறகே பெல்ட். இப்போதும் 30, 40, 50 கிலோ வரை பெல்ட் கிடையாது. கடைசியில் 60 கிலோவுக்கு மட்டும் கட்டுகிறேன். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, முழு மூச்சு இழுக்க இடம் இருக்கும்படி கட்ட வேண்டும். குனியும்போது விலாவில் குத்தினால் ஒரு துளை தளர்த்துங்கள். தூக்கி முடித்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று, சகோதரிகளே. மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிளட் பிரஷர், குடலிறக்கம், சமீபத்தில் செய்த கண் ஆபரேஷன் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம். தும்மினால் சிறுநீர் கசிவது, கர்ப்பப்பை இறங்கியிருப்பது போன்ற தொந்தரவுகளையும் வெட்கப்படாமல் சொல்லிக் கேளுங்கள். வயிற்றில் கூடுகிற அழுத்தம் கீழேயும்தான் இறங்கும். முதுகு வலிக்கிறதா? பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தூக்காதீர்கள். எடையைக் குறையுங்கள், வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆக, பெல்ட் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும், ஆனால் அது கடைசியில் வருகிற விருந்தாளி. என் பெல்ட் வாரத்தில் மொத்தம் பத்து நிமிஷம்கூட என் இடுப்பில் இருப்பதில்லை. அம்மாவை எழுப்பி உட்கார வைக்கிற ஒவ்வொரு முறையும் அது ஜிம் பைக்குள் சௌக்கியமாகத் தூங்கிக் கொண்டிருக்கிறது.