மீட்டுப் பார்க்காத காப்புநகல்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரவுகள் பல, துறை அறையின் மூலையில் இருந்த கணினியை விட்டுக் கிளவுடுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. தரவுத்தளம், ஒலிப்பதிவுகளுக்கு எழுத்துவடிவம் தரும் கருவி, கணக்கீட்டுக்கான ஜூபிட்டர் குறிப்பேடுகள் எல்லாம் கன்டெய்னர்களாகக் கட்டப்பட்டு ஒரு குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் ஓடுகின்றன. இரவுதோறும் அதற்குக் காப்புநகல் எடுக்கப்படுகிறது. காலையில் திரையில் பச்சைக்குறி தெரிகிறது. நகலெடுக்கும் பணி பிழையின்றி முடிந்தது என்பதற்கு மேல் அந்தக் குறிக்குப் பொருள் இல்லை. அந்நகலைக் கொண்டு ஆய்வகத்தை மீண்டும் எழுப்ப முடியுமா என்பது வேறொரு கேள்வி. பல துறைகள் அதை இழப்பு நேர்ந்த நாளில்தான் முதன்முதலாகக் கேட்கின்றன.

கேள்வி ஏன் கடினமானது என்பதை அறிய, கிளஸ்டர் எவற்றால் ஆனது என்று பார்க்க வேண்டும். 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ், சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பெயராகக் கொண்டது. இந்த மென்பொருள் மூன்று படிகளாக எப்போதும் ஓட வேண்டும், அதற்கு இவ்வளவு சேமிப்பிடம் வேண்டும் என்று பயனர் எழுதித் தருகிறார். நடப்பு நிலையை எழுதப்பட்ட நிலையோடு ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்வது குபர்நெட்டிஸின் வேலை. எழுதித் தந்த விவரம் முழுவதும் எட்சிடி என்னும் சிறு தரவுத்தளத்தில் இருக்கிறது. ஆய்வுத் தரவோ வால்யூம் எனப்படும் வட்டுகளில் தனியே இருக்கிறது. மூன்றாவதாக, கிளஸ்டருக்கு வெளியே இருந்தபடி அதைத் தாங்குபவை உண்டு: கன்டெய்னர் இமேஜ்களின் கிடங்கு, இணைய முகவரி, மறையாக்கச் சாவிகள், கிளவுட் கணக்கின் அனுமதிகள். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் நிலையில் திரும்பி வந்தால்தான் அது மீட்டெடுப்பு.

கிளஸ்டரைச் சொந்தமாக நடத்துவோர் எட்சிடியை நேரடியாக நகலெடுக்கலாம். மூன்று அல்லது ஐந்து கணினிகளில் ஒரே விவரத்தை வைத்து, பெரும்பான்மையின் ஒப்புதலோடு எழுதுவது எட்சிடியின் முறை. ஐந்தில் இரண்டு வீழ்ந்தாலும் வேலை நடக்கும். ஆயினும் யாரேனும் ஒரு நேம்ஸ்பேஸை அழித்துவிட்டால், அந்த அழிப்பையும் அவை அனைத்தும் ஒழுங்காகப் பதிவு செய்துகொள்ளும். தானாக உருவாக்கப்பட்ட வால்யூம்களுக்கு இயல்பாக அமைந்த விதியோ, சேமிப்புக் கோரிக்கை அழிந்தால் அதன் வட்டும் அழிய வேண்டும் என்பது. ஆகவே பல படிகளை வைத்திருப்பது பழுதிலிருந்து காக்கும். தவறான கட்டளையிலிருந்து காக்காது. கடவுச்சொற்களை மறையாக்கி வைத்திருப்பவர்கள் அதற்கான சாவியைத் தனியே பாதுகாக்கவில்லை என்றால், எட்சிடியின் நகல் கையில் இருந்தும் அவற்றைப் படிக்க முடியாது.

கிளவுட் நிறுவனங்களே நடத்தித் தரும் கிளஸ்டர்களில் எட்சிடி வாடிக்கையாளரின் கைக்கு எட்டுவதில்லை. அங்கே வெலேரோ போன்ற கருவிகள் பயன்படுகின்றன. கிளஸ்டரின் இடைமுகத்தின் வழியாக எல்லா விவரங்களையும் வாசித்துக் கட்டி, வேறொரு சேமிப்பகத்தில் வைக்கிறது வெலேரோ. வட்டுகளுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி கிளவுடிடம் கேட்கிறது. மீட்கும்போது வரையறைகள், நேம்ஸ்பேஸ்கள், சேமிப்பிடங்கள், பிறகு கன்டெய்னர்கள் என்ற வரிசையில் வைக்கிறது. அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இயல்பாக அதைத் தொடாமல் கடந்துபோகிறது. பாதி சிதைந்த கிளஸ்டரின் மேலேயே மீட்க முயல்வோர், பழையதும் புதியதும் கலந்த ஒன்றைப் பெறுவதற்கு இதுவே காரணம்.

மத்திய இந்தியாவின் பல்கலைக்கழகம் ஒன்றில், கோண்டி மொழிப் பேச்சைப் பதிவு செய்துவரும் ஆய்வகம் இவற்றை ஓர் ஒத்திகையில் கற்றுக்கொண்டது. கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியப் பிரதேசம் தொடங்கித் தெலங்கானா வரை பேசப்படுவது. ஊர் ஊராகச் சென்று எடுத்த பதிவுகள் அவை. பேசிய முதியோருள் சிலர் இன்று உயிருடன் இல்லை. கிளஸ்டரைக் கட்டிய ஆய்வாளர் முனைவர் பட்டம் பெற்றுச் சென்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவரிடம், முந்தைய இரவின் நகலை ஒன்றுமில்லாத புதிய கிளஸ்டரில் மீட்டுக் காட்டும்படி நெறியாளர் சொன்னார்.

மீட்டெடுப்பு முடிந்தது என்று கருவி அறிவித்தது, ஒன்றும் ஓடவில்லை. தரவுத்தளம் வட்டுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. காப்புநகல் சில நேம்ஸ்பேஸ்களுக்கு மட்டும் எடுக்கப்பட்டிருந்ததால், கிளஸ்டர் முழுமைக்கும் பொதுவான சேமிப்பு வகையின் வரையறை அதில் இடம்பெறவில்லை. அதை எழுதிச் சேர்த்ததும் அடுத்த தடை வந்தது. எழுத்துவடிவக் கருவியின் இமேஜ் ஆய்வகத்தின் சொந்தக் கிடங்கிலிருந்து வர வேண்டும். அந்தக் கிடங்கே பழைய கிளஸ்டருக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் பழைய கிளஸ்டர் அழிந்திருந்தால், அதைத் திரும்பக் கட்டத் தேவையான பொருளும் அதனோடு அழிந்திருக்கும். பிறகு அனுமதிச் சிக்கல். ஒலிக்கோப்புகளைப் படிக்கும் உரிமை பழைய கிளஸ்டரின் அடையாளத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால், புதிய கிளஸ்டரைக் கிளவுட் அந்நியராகவே நடத்தியது.

அனுமதியைச் சரிசெய்தபோது எல்லாம் இயங்கின. எழுத்துவடிவங்கள் திரையில் வந்தன. பொத்தானை அழுத்தினால் மூதாட்டி ஒருவரின் குரல் கேட்டது. அறையில் இருந்தோர் ஒத்திகை வென்றதாகவே எண்ணினர். மாணவி மட்டும், இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தேடிப் பார்த்ததில் அது மீட்கப்பட்ட நகலிலிருந்து வரவில்லை. புதிய கிளஸ்டர், பழைய கிளஸ்டர் பயன்படுத்திய அதே மூலச் சேமிப்பகத்தைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தது. கோப்புகளை வைக்கும் அந்தச் சேமிப்பகம் கிளஸ்டரின் வால்யூம் அன்று. ஆதலால் வெலேரோ அதைத் தொட்டதே இல்லை. இரவுதோறும் பச்சைக்குறி காட்டிய நகலில் எழுத்துவடிவங்கள் இருந்தன, அமைப்புகள் இருந்தன, ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை. மீண்டும் எடுக்கவே முடியாத ஒரே பொருள் அதுதான்.

இழப்பு எதுவும் நேரவில்லை. அந்த வாரமே சேமிப்பகத்தில் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி இயக்கப்பட்டது. இன்னொரு வட்டாரத்தில், வேறொரு கணக்கின் கீழ், குறிப்பிட்ட காலம்வரை யாராலும் அழிக்க முடியாத படி ஒன்று வைக்கப்பட்டது. இமேஜ் கிடங்கு கிளஸ்டருக்கு வெளியே சென்றது. தரவுத்தளத்தின் ஸ்னாப்ஷாட்டும் ஒலிக்கோப்புகளின் படியும் வெவ்வேறு நேரங்களில் எடுக்கப்படுவதால், எழுத்துவடிவம் இருந்து ஒலி இல்லாத பதிவுகளைக் கண்டறியும் சிறு நிரல் ஒன்றும் எழுதப்பட்டது.

ஒத்திகை செய்யாதவர்களின் அனுபவம் பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் இருப்பதை உணராமல், முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்பகத்தை அழித்தார். அன்றாட நகல்களைத் தேடியபோது சேமிப்பகம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் நிரல், தரவுத்தளத்தோடு பொருந்தாத பதிப்பினால் நெடுநாளாகத் தோற்றுவந்தது. அந்தத் தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு வந்தன. சோதனைச் சூழலுக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றே அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனம் எழுதி வெளியிட்டதால்தான் பிறரால் அதிலிருந்து கற்க முடிகிறது.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், காப்புநகல் நிரலே அழிப்பானாக மாறியது. ஓடிக்கொண்டிருந்த நிரலின் மேல் திருத்திய பதிப்பை வைத்தபோது, அழிக்க வேண்டிய கோப்பகத்தைச் சுட்டும் மாறி வெறுமையாகிவிட்டது. 14 ஆய்வுக்குழுக்களின் சுமார் 3.4 கோடி கோப்புகள், ஏறத்தாழ 77 டெராபைட், அழிந்தன. நான்கு குழுக்களின் தரவுகளை மீட்க இயலவில்லை. கன்டெய்னர் கிளஸ்டர் அன்று அது; ஆனால் காப்புநகல் எடுக்கும் பணிக்கு மூலத்தை அழிக்கும் அதிகாரம் தரலாகாது என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

ஆஸ்திரேலியாவின் உயர்கல்வித் துறையினருக்காகத் தொடங்கப்பட்ட ஓய்வூதிய நிதியம் யூனிசூப்பர். கூகுள் கிளவுடில் அதற்கென அமைத்த தனிக் கிளவுட், 2024 மே மாதம் தானாகவே அழிந்தது. அமைத்தபோது ஓர் அளபுருவைக் காலியாக விட்டதால் ஓராண்டுக் காலவரையறை அமைந்துவிட்டிருந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சுமார் ஒரு வாரம் தங்கள் கணக்குகளைப் பார்க்க முடியாமல் இருந்தனர். வேறொரு நிறுவனத்திடமும் நகல்களை வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் உதவியது. 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் தரவு மையம் தீக்கிரையானபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

தரவு நாட்டின் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இயங்கும் இந்திய ஆய்வகங்களுக்கு இப்போது வழி இருக்கிறது. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் வட்டாரங்கள் உள்ளன. ஆனால் வட்டின் ஸ்னாப்ஷாட் தான் பிறந்த வட்டாரத்தைத் தானாகத் தாண்டுவதில்லை. படியெடுத்து அனுப்பும்படி யாரேனும் எழுதிவைக்க வேண்டும்.

அந்த 'யாரேனும்' என்பதில்தான் பல்கலைக்கழகத்தின் தனிச்சிக்கல் இருக்கிறது. நிறுவனங்களில் இப்பொறுப்புக்கென ஊழியர் இருப்பார். ஆய்வகத்திலோ கிளஸ்டரைக் கட்டுபவர் ஓர் ஆய்வு மாணவர். அவர் பட்டம் பெற்றுப் போவதற்காகவே வந்தவர். எந்த அனுமதி எதனோடு பிணைக்கப்பட்டது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அறிவு அவரோடு போய்விடுகிறது. அவர் விட்டுச்சென்ற தானியங்கிப் பணி மட்டும் ஒவ்வோர் இரவும் கடமை தவறாமல் ஓடுகிறது.

ஆகவே மீட்டெடுப்பு ஒத்திகையை ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை, கிளஸ்டரைக் கட்டாத ஒருவரே செய்ய வேண்டும். வெறுமையான கணக்கில், பழைய கிளஸ்டரின் அனுமதி எதுவுமின்றிச் செய்ய வேண்டும். தொடங்குமுன் இரண்டு எண்களைத் துறை எழுதிக்கொள்ளட்டும்: எத்தனை மணி நேர உழைப்பை இழக்கத் தாங்கும், எத்தனை நாள் கருவியின்றி இருக்கத் தாங்கும். முடிந்தபின் சிக்கிய இடங்களை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிளஸ்டருக்கு வெளியே வைக்கட்டும். ஆய்வேட்டில் முறையியல் இயல் எழுதுவது, வேறொருவர் அதே முடிவை எட்ட முடிய வேண்டும் என்பதற்காக. ஆய்வகத்தின் கணினிக்கும் அந்த அளவுகோலைப் பொருத்துவதில் தவறில்லை. அடுத்துச் சேரும் மாணவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து யாரையும் கேட்காமல் கிளஸ்டரை எழுப்பிவிட்டால், ஆய்வகத்திடம் காப்புநகல் இருக்கிறது என்று அன்று சொல்லலாம்.