மெழுகுப் பூச்சு

எங்கள் பொதட்டூர்பேட்டை தறியோசை மிகுந்த ஊர். அதன் கடைத்தெருவில் ஒருநாள் ஆப்பிள் பழங்கள் சில வாங்கி வந்தேன். அவை கண்ணாடிபோல் மின்னின. என் பேத்தி ஒரு பழத்தைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டினாள், வெண்துகள் உதிர்ந்தது. "தாத்தா, இது மெழுகுவத்தி மெழுகா? இதைத் தின்னலாமா?" என்று வினவினாள். எனக்குச் சினம் மூண்டது. கடைக்காரரைக் கடிந்துகொள்ள எழுந்தேன். ஆயினும், 'ஆராய்ந்து பேசுக' என மாணவர்க்குப் பன்னாள் உரைத்தது நினைவிற்கு வர, அமர்ந்து நூல்களைப் புரட்டினேன்.

மெழுகுவத்தி மெழுகிற்குப் பாரபின் என்பது பெயர். 1830-ஆம் ஆண்டில் ரைகன்பாக் என்னும் செருமானிய அறிஞர் இதனை மரத்தாரிலிருந்து பிரித்தெடுத்தார். பிற பொருள்களுடன் எளிதிற் கூடாமையால், 'பற்றுக் குறைந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் இப்பெயர் அமைந்தது. இன்று இது கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கிறது. எண்ணெயின் ஒரு பகுதியைக் குளிரச் செய்தால் மெழுகு உறையும், அதனை வடித்தெடுப்பர். சென்னையை அடுத்த மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இம்மெழுகு உண்டாகிறது.

தீக்குச்சியின் மருந்திலிருந்து மரத்திற்குத் தீ பரவ உதவுவது இம்மெழுகே. ரொட்டி சுற்றும் தாளிலும் சிறுவர் தீட்டும் வண்ணக்கோலிலும் இஃது உண்டு. உணவிற்கென நன்கு தூய்மை செய்த மெழுகைப் பாலாடைக்கட்டியின்மேல் பூசுவர். சில நாடுகளில் சூயிங்கத்திலும் சேர்ப்பர். அது பெரும்பாலும் செரியாமலே கழிந்துவிடும். மெழுகுவத்தியோ உண்பதற்கென ஆக்கப்பட்டதன்று.

நம் நாட்டு உணவு விதிகளின்படி, புதுப்பழங்களுக்குத் தேன்மெழுகு, கார்னோபா என்னும் பனையின் இலைமெழுகு, அரக்குமெழுகு ஆகியவற்றைப் பூசலாம். அதனைச் சீட்டில் குறித்தலும் வேண்டும்.  ஆப்பிளின் தோலில் இயற்கையாகவும் மெழுகு உண்டு. ஆதலின், உதிர்ந்த துகள் ஒன்றே குற்றத்திற்குச் சான்றாகாது.

மறுநாள் கடைக்காரரிடம் அமைதியாகக் கேட்டேன். அவர் பழப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. "வந்ததை விற்கிறேன், ஐயா. இனிமேல் நானும் கேட்டு வாங்குகிறேன்" என்றார். முதல்நாள் சினத்தோடு சென்றிருந்தால், அந்நல்ல சொல்லை நான் கேட்டிருக்க மாட்டேன்.

மாணவர்களே! மினுக்கைக் கண்டு மயங்கவும் வேண்டா. ஆராயாமல் பழி கூறவும் வேண்டா. கேட்டறிந்து உண்ணுங்கள்.