மும்பையின் திண்ணைகள்

மும்பைக்குப் புதிதாகப் போகிறவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கைகள் எல்லாம் நெரிசலைப் பற்றியவை. வீடு கிடைக்காது, கிடைத்தாலும் கையை நீட்டினால் எதிர்ச்சுவர் இடிக்கும். ரயிலில் ஏற முடியாது, ஏறிவிட்டால் இறங்க முடியாது. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த ஊர் புதியவருக்கு இவ்வளவு சீக்கிரம் வசப்படுவதற்குக் காரணமே இந்த நெரிசல்தான் என்பது என் கட்சி. வீட்டுக்குள் காலை நீட்ட இடமில்லாததால் மும்பைக்காரர்கள் தங்கள் ஓய்வை மொத்தமாக வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வெளியே வைத்ததில் நேற்று வந்தவருக்கும் பங்கு உண்டு. வேறு பல நகரங்களில் ஒரு நல்ல மாலைப்பொழுது வேண்டுமென்றால் யாராவது வீட்டுக்கு அழைக்க வேண்டும், இல்லையேல் பர்ஸைத் திறக்க வேண்டும். மும்பையில் இரண்டுமில்லாமல் காரியம் நடக்கிறது.

இதற்கான சான்று வீடுகளில்தான் இருக்கிறது. வொர்லியிலும் நாய்காவ்விலும் 1920களில் அரசாங்கம் கட்டிய பிடிடி சால்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஒண்டுக்குடித்தனங்களை மூன்று நான்கு மாடிக்கு அடுக்கியது மாதிரியான கட்டடங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, 160 சதுர அடி. கழிப்பறை பொது, நடை பொது. சமைக்கவும் படுக்கவும் அறை போதும். பேச்சு, சண்டை, சீட்டாட்டம், கல்யாணத் தரகு எல்லாம் நடையிலும் முற்றத்திலும் தெருவிலும்தான். வொர்லியில் ஒரு தெருவுக்கு ‘அப்யாஸ் கல்லி’ (படிப்புச் சந்து) என்றே பெயர் நிலைத்துவிட்டது. அறையில் இடமில்லாத சால் பிள்ளைகள் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்ததால் வந்த பெயர் அது. 2011 கணக்கெடுப்பின்போது பெருநகர மும்பையில் சுமார் 1.24 கோடிப் பேர் இருந்தார்கள். ஏறக்குறைய பத்தில் நால்வர் குடிசைப் பகுதிகளில் வசித்தார்கள். மீதிப் பேரிலும் பாதிக்கு மேல் விருந்தாளி வந்தால் கட்டிலில் உட்கார வைக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள் என்று துணிந்து சொல்லலாம். அங்கே யாரும் ‘வீட்டுக்கு வாங்க’ என்று எளிதில் சொல்வதில்லை. ‘ஸ்டேஷனுக்கு வாங்க, அங்கிருந்து போவோம்’ என்பார்கள்.

போகிற இடங்களில் முதலாவது மெரைன் டிரைவ். நாரிமன் முனையிலிருந்து சௌபாட்டி வரை கடலை அணைத்தபடி சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளும் கட்டைச்சுவர். கேட் இல்லை, டிக்கெட் இல்லை, இத்தனை நேரம்தான் உட்காரலாம் என்ற கணக்கும் இல்லை. சாலையின் மறுபுறம் நாட்டிலேயே விலை கூடிய அடுக்ககங்கள் சில இருக்கின்றன. கோடிகளைக் கொட்டி அவர்கள் வாங்கிய அதே கடல் காட்சி, பத்து ரூபாய்க் கடலையோடு இந்தப் பக்கம் கிடைக்கிறது. எல்லோரும் கடலைப் பார்த்து உட்காருவதால் ஒருவரை ஒருவர் அளந்து பார்ப்பதும் குறைவு. நம்மூர்த் திண்ணையோடு இதை ஒப்பிடத் தோன்றுகிறது. ஆனால் திண்ணை வழிப்போக்கரை உட்கார வைத்தாலும் எந்தச் சாதி வழிப்போக்கர் என்று பார்த்துத்தான் உட்கார வைத்தது. இந்தச் சுவருக்கு அந்தப் பழக்கமில்லை. அங்கிருந்து பத்து நிமிடம் உள்ளே நடந்தால் ஓவல் மைதானம். ஒரு பக்கம் உயர் நீதிமன்றம், ராஜாபாய் கோபுரம் என்று விக்டோரிய காலத்துக் கோதிக் கட்டடங்கள்; எதிரே 1930களின் ஆர்ட் டெகோ குடியிருப்புகள். இரண்டையும் சேர்த்து 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நடுவே எந்தச் சின்னத்தையும் சட்டை செய்யாமல் கிரிக்கெட் நடக்கும். பக்கத்து ஆசாத் மைதானத்தில் ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இந்த ஆட்டத்தின் லாங் ஆனில் நிற்பவர் அந்த ஆட்டத்தின் பாயிண்டுக்குப் பின்னால் நிற்பார். மழைக்காலத்துக்கென்றே 1948இல் தொடங்கிய காங்கா லீக் வேறு இருக்கிறது. சேற்று ஆடுகளத்தில் பந்து என்ன செய்யும் என்று பந்துக்கே தெரியாது. அதை நின்று பார்க்கக் காசும் வேண்டாம், மராத்தியும் வேண்டாம்.

இத்தனையும் சரி, அந்த ரயிலை என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம். காலை எட்டரை மணி விரார் ஃபாஸ்டை இன்பம் என்று எழுதுகிறவர் அதில் ஏறாதவர். கூட்டத்தில் விழுந்தும் தண்டவாளத்தைக் கடந்தும் உயிர்கள் போகின்றன. அதை ‘மும்பையின் துடிப்பு’ என்று அழகுபடுத்துவது அநியாயம். ஆனால் அதே பெட்டிகளில்தான் பஜனை கோஷ்டிகள் தாளம் தட்டிக்கொண்டு வருகின்றன, பெண்கள் பெட்டியில் இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கப்படுகிறது. மூவர் உட்காரும் பெஞ்சில் நான்காவது ஆளுக்கு ஒதுங்கி அரை இடம் கொடுப்பது எழுதாத சட்டம். கொடுக்கிறவர் முகம் சுளிப்பார், கொடுக்க மறுக்கமாட்டார். புதியவருக்கு என் சிபாரிசு ஞாயிற்றுக்கிழமை ஸ்லோ வண்டி, பழுதுபார்ப்பு ‘மெகா பிளாக்’ எந்தத் தடத்தில் என்று விசாரித்துக்கொண்டு. சர்ச்கேட்டை நெருங்குகையில் சர்னி ரோடைத் தாண்டியதும் கட்டடங்களுக்கு இடையே கடல் எட்டிப் பார்க்கும். எதிர்த் திசையில் போரிவலியில் இறங்கினால் நகரத்துக்குள்ளேயே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, அதனுள்ளே கான்ஹேரி பௌத்தக் குகைகள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: யாருக்கு இந்த வெளி? ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் மும்பையை வைத்தே இதைக் கேட்டது. பெண் ஒருத்தி பொது இடத்தில் இருக்க வேண்டுமென்றால் ஏதோ வேலையாக வந்தவள் போலக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சும்மா நிற்கும் உரிமை அவளுக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். இதை மறுக்க முடியாது. என் வாதம் பெண்களுக்குப் பாதி அளவுக்கே பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஊர் எல்லோரையும் வரவேற்கிறது என்றும் நான் சொல்லவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் மதம் என்ன, மாமிசம் உண்டா என்று துருவுகிற ஊர் அது. தமிழருக்கு இது புதிய செய்தியுமில்லை. 1966இல் தொடங்கிய சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். அதன் தசராக் கூட்டங்களுக்குப் பேர்போன தாதர் சிவாஜி பூங்காவின் கட்டைச்சுவரில் இன்று மாட்டுங்காத் தமிழர்கள் காற்று வாங்குகிறார்கள். வீட்டுக்கதவில் கேட்கும் கேள்விகளை அந்தச் சுவர் கேட்பதில்லை என்ற அளவுக்கு மட்டுமே என் வாதம் நீளும். (தமிழர் புதிதாகப் போனால் மாட்டுங்காவிலேயே ஃபில்டர் காபியோடு தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை போதும்.)

அப்படியானால் இடநெருக்கடியையே வாழ்த்துகிறாயா என்பார்கள். இல்லை. வொர்லியின் 160 சதுர அடிக்காரருக்கு இப்போது 500 சதுர அடி வீடு கட்டித் தருகிறார்கள். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு எனக்கு உரிமையில்லை. என் கவலை வெளியே இருக்கும் இடம் சுருங்குவதில்தான். மூடிய பஞ்சாலைகளின் நிலம் சுமார் 600 ஏக்கர். அதில் மூன்றிலொரு பங்கு பொதுவெளிக்கு என்றிருந்த 1991 விதி, 2001இல் கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பூங்காக்கள் வந்திருக்க வேண்டிய லோயர் பரேலில் மால்களும் கண்ணாடிக் கோபுரங்களும் நிற்கின்றன. மாலில் குளிர்ச்சி உண்டு, சுத்தம் உண்டு, பையைச் சோதிப்பவரும் உண்டு. அங்கே புதியவர் வெறும் வாடிக்கையாளர், அதுவும் கையில் பணம் இருக்கும்வரை. 2024இல் திறக்கத் தொடங்கிய கடற்கரைச் சாலை முதலில் கார்களுக்குக் கிடைத்தது. நடப்பவர்களுக்கான பாதை பின்னாலேதான் வந்தது. அதை இன்னொரு மெரைன் டிரைவ் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கெட்டிலும் கையுமாகக் கட்டிங் சாய் எனும் அரை கிளாஸ் டீ விற்பவரை அங்கே எத்தனை நாள் விட்டுவைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம்.