மருமகன் விழுந்தது விரதக் குறையால் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு, மன்னிக்கணும். வழக்கமா நான் இங்க போடறது அன்னதானம் யார் உபயம், கோத்தோங் ரோயோங்குக்கு எத்தனை மணிக்கு வரணும், செருப்பை எங்க விடணும், இவ்வளவுதான். இன்னிக்கு சைக்கிள் சீட்டைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காம கடைசி வரைக்கும் படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பின்னால பாத்திரம் கழுவுற இடத்துல நின்னேன். ரெண்டு அக்கா பேசிக்கிட்டது காதுல விழுந்தது. "மாலையைப் போட்டுக்கிட்டு காட்டுல சைக்கிள் ஓட்டினா முருகன் சும்மா விடுவாரா? அதான் காவடி எடுக்க விடாம படுக்க வெச்சுட்டாரு" அப்படின்னு. அவங்க சொன்னது என் தங்கச்சி மகனைப் பத்தி. தைப்பூசத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது விழுந்து காறை எலும்பு உடைஞ்சவன். முதல் காவடி. தோள்ல தூக்க வேண்டியவனுக்கு தோள் எலும்பே போச்சு. கையை துணியில தொங்கவிட்டுக்கிட்டு மத்தவங்க காவடிக்குப் பின்னால அவன் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க.

அவன் மேல எந்தக் குத்தமும் இல்லை. மச்சம் மாமிசம் தொடலை, தரையில பாய் போட்டுத்தான் படுத்தான், தங்கச்சியே சாட்சி. அவன் விழுந்ததுக்குக் காரணம் நான். எப்படின்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால சர்க்கரை ஏறிடுச்சு, டாக்டர் நடங்க, இல்லைன்னா சைக்கிள் மிதிங்கன்னார். மாசாய்ல ஒரு சீனர் கடையில பழைய மவுண்டன் பைக் ஒண்ணு வாங்கினேன். சிங்கப்பூர்ல ஓடின வண்டின்னு சொன்னார். அதுல ஒரு வசதி இருந்துச்சு. ஹேண்டல்ல சின்ன லிவர். அதை அழுத்தி உட்கார்ந்தா சீட்டு இறங்கும். எழுந்துக்கிட்டு மறுபடி அழுத்தினா 'டப்'புன்னு மேல வரும். டிராப்பர் போஸ்ட்டுன்னு பேரு.

அம்மாமாருக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, ஆபீஸ்ல சக்கரம் வெச்ச நாற்காலி இருக்குமே, அடியில இருக்கிற பிடியைத் தூக்கினா இறங்கும் ஏறும். ஏறக்குறைய அதே சங்கதிதான். குழாய்க்குள்ள இன்னொரு குழாய். உள்ளே அழுத்தி அடைச்ச காத்து மேலே தள்ளிக்கிட்டே இருக்கும். எண்ணெய் ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் போக ஒரு சின்ன வால்வு. லிவரை அழுத்தினா வால்வு திறக்கும், விட்டா மூடும். மூடினதும் எண்ணெய் நகர முடியாது, எண்ணெயை நசுக்கவும் முடியாது, அதனால சீட்டு நின்ன இடத்துல கல்லு மாதிரி நிக்கும். எங்க தொழிற்சாலையில பெட்டி தள்ளுற சிலிண்டர்கள் தினமும் நான் பார்க்கிறதுதான். காத்து, தண்டு, ரப்பர் சீல். அதனால வாங்கின அன்னிக்கே இது நமக்குத் தெரிஞ்ச சாமான்தான்னு ஒரு மெத்தனம் வந்துடுச்சு. இருபது வருஷமா சூப்பர்வைசர் வேலை, கேட்கணுமா.

எதுக்கு இது வேணும்னு கேட்பீங்க. மேடு ஏறும்போது சீட்டு உயரமா இருந்தாத்தான் கால் முழுசா நீண்டு மிதிக்க முடியும். பள்ளம் இறங்கும்போது அதே உயரம் எமன். உடம்பைப் பின்னால கொண்டு போகணும், தாழ்த்தணும், சீட்டு வயித்துல முட்டும். முன்னெல்லாம் மலை உச்சியில நிறுத்தி, கிளாம்ப்பைத் திறந்து, சீட்டை இறக்கி, கீழே போனதும் மறுபடி ஏத்தணும். 1980கள்ல அமெரிக்காவுல ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சல்னு ரெண்டு பேர் ஹைட்-ரைட்டுன்னு ஒரு ஸ்பிரிங் செஞ்சாங்க. கிளாம்ப்பைத் திறந்து உட்கார்ந்தா இறங்கும், எழுந்தா ஸ்பிரிங் தூக்கிவிடும். 2000களின் தொடக்கத்துல ஹேண்டல்லேர்ந்தே இயக்குற கிராவிட்டி டிராப்பர் வந்தது. 2010ல ராக்‌ஷாக்ஸ் கம்பெனியோட ரிவெர்ப் வந்த பிறகு ஊரெல்லாம் பரவிடுச்சு. 2022ல மிலான் – சான் ரெமோன்னு இத்தாலியில நடக்கிற ரோட்டு ரேஸ்ல ஸ்லோவேனியாக்காரர் மாதெய் மொஹோரிச் ரேஸ் சைக்கிள்லயே இதை மாட்டி, கடைசி இறக்கத்துல எல்லாரையும் பின்னால விட்டு ஜெயிச்சார். மருமகன்தான் வீடியோ காட்டினான். அன்னிக்குப் பிடிச்சது அவனுக்கு இந்த ஆசை.

நம்ம பாசிர் கூடாங் கரையில நின்னு தெற்கே பார்த்தா எதிர்ல தெரியுதே புலாவ் ஊபின் தீவு, அங்க 2008ல பழைய கல்லுடைப்புக் குழியைச் சுத்தி கெத்தாம் மவுண்டன் பைக் பார்க் திறந்தாங்க. கண்ணுக்கு எட்டுற தூரம். ஆனா போகணும்னா ஜோகூர் பாலம் தாண்டி, சிங்கப்பூரைச் சுத்தி, சாங்கிக்குப் போய் படகு ஏறணும். காவடி முடிஞ்சதும் அங்க போகணும்னு காசு சேர்த்துக்கிட்டிருந்தான் பையன்.

இப்ப என் கதைக்கு வர்றேன். போன வருஷக் கடைசியில சீட்டு லேசா இடம் வலம் திரும்ப ஆரம்பிச்சது. ஃபிரேமுக்குள்ள போஸ்ட்டு வழுக்குது. நான் என்ன செஞ்சேன்? எல்-கீயை எடுத்து கிளாம்ப்பை என் பலம் முழுக்கப் போட்டு முறுக்கிட்டேன். அந்த கிளாம்ப் மேலேயே எவ்வளவு முறுக்கணும்னு எழுதியிருக்கு, 5 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பி நுனியில அரை கிலோ தொங்கவிட்டா வர்ற திருகு, அவ்வளவுதான். தொழிற்சாலையில டார்க் ரெஞ்ச் இல்லாம ஒரு போல்ட்டை முறுக்கினா பசங்களைத் திட்டுறவன் நான்.

அடுத்த வாரமே சீட்டு மெதுவா ஏற ஆரம்பிச்சது. சில நேரம் பாதியில நின்னுடும், கையால இழுத்தா வரும். சங்கிலிக்கு அடிக்கிற எண்ணெயை எடுத்து தண்டு மேல பீச்சினேன். ஒரு நாள் ஜோரா ஓடிச்சு. அப்புறம் முன்னைவிட மோசம். உள்ளே சிலிண்டர் போயிடுச்சு போல, புதுசு வாங்க முந்நூறு வெள்ளி ஆகும், போனஸ் வரட்டும்னு விட்டுட்டேன். அடுத்த ஞாயிறு பார்க்கலாம், அதுக்கடுத்த ஞாயிறு பார்க்கலாம்னு மூணு ஞாயிறு போச்சு. மழைக்காலம் வேற.

நாலாவது ஞாயிறு எனக்கு காலை ஷிஃப்ட். முந்தின ராத்திரி மருமகன் வந்து, "மாமா, நாளைக்கு சைக்கிளை எடுத்துக்கட்டுமா? கண்டிஷன் ஓகேதானே?" அப்படின்னு கேட்டான். நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "ஓகேதான்டா, எடுத்துட்டுப் போ"ன்னுட்டேன்.

தொழிற்சாலையில ஒரு மெஷின் சரியில்லைன்னா முதல் வேலை சிவப்பு அட்டை தொங்கவிடறது. 'ரோசாக், ஜாங்கான் குனா'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பூட்டுப் போட்டுட்டுத்தான் அடுத்த பேச்சு. எத்தனை ஆயிரம் அட்டை மாட்டியிருப்பேன்னு கணக்கே இல்லை. என் வீட்டு வாசல்ல நின்ன வண்டிக்கு ஒரு அட்டை மாட்டத் தோணலை.

கோங் கோங் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் ரோடு. மேட்டுல ஏறி, இறக்கம் தொடங்கும்போது லிவரை அழுத்தியிருக்கான். சீட்டு ஒரு இன்ச் இறங்கி நின்னுடுச்சு. என்னன்னு குனிஞ்சு பார்த்து இன்னொரு தடவை அழுத்தியிருக்கான். அந்த ஒரு நொடிதான். மழைத்தண்ணி ரோட்டை அறுத்து குறுக்கே லோங்காங் மாதிரி போயிருந்திருக்கு. முன் சக்கரம் உள்ளே இறங்க, பின் சக்கரம் எழும்ப, உயரமா நின்ன சீட்டு பின்னாலேர்ந்து அவனை ஹேண்டலுக்கு மேல தூக்கிப் போட்டுடுச்சு. கூடப் போன பசங்க ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்க.

ஆஸ்பத்திரியில என் தங்கச்சி என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. பையன்தான், "ரோடு சரியில்லை மாமா"ன்னான். நான் தலையை ஆட்டினேன். அதையும் இங்க எழுதிடறேன், அன்னிக்கு உண்மையைச் சொல்லாம தலையை ஆட்டினேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம வண்டியைக் கழற்றினேன். கிளாம்ப்பைத் தளர்த்தினதும், நம்புவீங்களா, சீட்டு தானா சர்ருன்னு மேல வந்தது. நான் முறுக்கின முறுக்குல வெளிக்குழாய் நசுங்கி உள்குழாயைப் பிடிச்சிருக்கு. மேல் மூடியைத் திருகி எடுத்தேன். தூசி துடைக்கிற ரப்பர் வளையத்துக்கு அடியில செம்மண்ணும் நான் பீச்சின எண்ணெயும் கலந்து, உப்புத்தாள் மாதிரி ஒரு பசை. லிவர்லேர்ந்து வர்ற கேபிள் உறைக்குள்ள துரு. நம்ம ஊர் கடல் காத்துக்கு துரு பிடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். சிலிண்டர்? அதுக்கு ஒண்ணுமே இல்லை. புதுசு மாதிரி இருந்தது. சுத்தம் செஞ்சு, கேபிளும் கிரீஸும் மாத்தினதுக்கு ஆன செலவு நாப்பது வெள்ளிக்குள்ள. வேலை ஒன்றரை மணி நேரம். மூணு ஞாயிறுல ஏதாவது ஒரு காலைப்பொழுது.

நம்ம கோயில் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் இந்த மாதிரி வண்டி வெச்சிருக்காங்கன்னு தெரியும். தம்பிகளா, உங்களுக்காக எழுதறேன். ஓட்டிட்டு வந்ததும் அந்தப் பளபளப்பான தண்டை சுத்தமான துணியால துடைங்க. சங்கிலி எண்ணெய், துரு எடுக்கிற ஸ்பிரே எதையும் அதுல அடிக்காதீங்க. மண்ணை இழுத்து வெச்சுக்கும், சில ரப்பருக்கு ஆகவும் ஆகாது. சஸ்பென்ஷன் சீலுக்குன்னு விக்கிற கிரீஸ் கொஞ்சம் போதும். வண்டி கழுவுற கடையில தண்ணித் துப்பாக்கியை வளையத்துக்கு நேரா பிடிக்க விடாதீங்க, அழுக்கு வெளியே வராது, உள்ளேதான் போகும். போஸ்ட்டு ஃபிரேமுக்குள்ள வழுக்கினா என்னை மாதிரி முறுக்காதீங்க. சொரசொரப்புப் பசைன்னு ஒண்ணு விக்குது, அதைத் தடவி, எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும் முறுக்குங்க. சீட்டை இறக்கி வெச்ச நிலையில சீட்டைப் பிடிச்சு வண்டியைத் தூக்காதீங்க. எண்ணெயில இயங்குற ரகத்துல உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீலைத் தாண்டி காத்து எண்ணெய்க்குள்ள போயிடும். அப்புறம் உட்கார்ந்தா பஞ்சு மாதிரி அமுங்கும். லேசா இடவலம் ஆடறது எல்லா டிராப்பருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். அதிகமா ஆடினா உள்ளே இருக்கிற பித்தளைச் சாவிகள் தேஞ்சிருக்கும், தனியா வாங்கி மாத்தலாம். லிவர் கடினமானா சிலிண்டரைச் சந்தேகப்படறதுக்கு முன்னால கேபிளைப் பாருங்க. உட்காரும்போது தானா இறங்கிக்கிட்டே போனா சிலிண்டர் கோளாறா இருக்கலாம். அடைச்சு வர்ற சிலிண்டரை மட்டும் யாரும் திறக்கப் பார்க்காதீங்க, உள்ளே பெரிய அழுத்தம். அதை முழுசா மாத்தறதுதான் வழி.

கிளம்பறதுக்கு முன்னால வீட்டு வாசல்லயே பத்து தடவை இறக்கி ஏத்திப் பாருங்க. பத்துல ஒண்ணு தடுமாறினாலும் அன்னிக்கு சீட்டைத் தாழ்வா வெச்சுக்கிட்டு சமதரையில ஓட்டுங்க, இல்லைன்னா வீட்டுல இருங்க.

தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் தங்கச்சி வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். கிளாம்ப்பை நான் முறுக்கினது, மூணு ஞாயிறு தள்ளிப்போட்டது, ஆஸ்பத்திரியில தலையை ஆட்டினது. அவ ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் காப்பி போட்டுக் கொண்டு வந்து வெச்சா. பையன் மட்டும் சிரிச்சுக்கிட்டு, "அப்ப புதுக் கேபிள் போட்டாச்சா மாமா?"ன்னான்.

வண்டி இப்ப சரியாத்தான் இருக்கு. ஆனா அதுல சிவப்பு அட்டை ஒண்ணு தொங்குது, தொழிற்சாலையில மாட்டற அதே அட்டை, என் கையெழுத்தோட. டாக்டர் சரின்னு சொன்ன பிறகு அவன்தான் அதை அவிழ்க்கணும்னு சொல்லியிருக்கேன். காவடியை பங்குனி உத்திரத்துக்கு எடுக்கலாமா, அடுத்த தைப்பூசமா, அதையும் டாக்டர்தான் சொல்லணும்.

பாத்திரம் கழுவுற இடத்துல பேசின அக்காமார் இதைப் படிச்சா, எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணுமில்லை. அவனைக் கோயில்ல பார்த்தா விரதத்தைப் பத்திக் கேட்காம, கை எப்படிப்பா இருக்குன்னு மட்டும் கேளுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் 4 மணியிலேர்ந்து விளக்கு பூஜை வரைக்கும் மடப்பள்ளிக்குப் பின்னால கொட்டகையில இருப்பேன். டார்க் ரெஞ்ச், கிரீஸ், கேபிள் என்கிட்ட இருக்கு. பழைய துணி மட்டும் அவங்கவங்க கொண்டு வந்துடுங்க. சின்னப் பிள்ளைங்க சைக்கிள் பிரேக்கும் பார்த்துத் தர்றேன்.