தாய்முகம் காண வந்தவள்

குலமானம் என்னுஞ் சொல்லைக் கேட்குந்தோறும் பாதிமே சாகிந்தாலின் நினைவே நமக்கு எழுகின்றது. சுவீடனிற் குடியேறிய குர்தியர் குடும்பத்து மகள் அவள். அந்நாட்டு இளைஞனொருவனை விரும்பினாள். வீடு அவளைத் துறந்தது. ஊரைவிட்டகன்று, சமூக சேவைக் கல்வி பயின்றாள். 2001 நவம்பரில் அந்நாட்டுப் பாராளுமன்ற மண்டபத்திலே பேசியபோது, தன் பெற்றோருக்குச் சமுதாயம் உதவியிருப்பின் இத்துயரைத் தவிர்த்திருக்கலாம் என்றாள். 2002 சனவரியில், தாயையும் சகோதரியரையும் இரகசியமாய்க் காண வந்தவிடத்தில், தந்தையின் கையாலேயே சுடப்பட்டு மாண்டாள்.

அபயம் தேடும் பெண்ணுக்கு விடுதியும் காவலும் இன்றியமையாதன. ஆயினும் தாய்முகங் காணும் ஆசையை எக்கதவு தடுக்கும்? ஆதலின், பகை முற்றுமுன்னரே சமூக சேவகர், பழிச்சொல்லுக்கு அஞ்சும் பெற்றோரிடமுஞ் செல்லல் வேண்டும். ‘நாலுபேர் என்ன சொல்வார்?’ என்று நம் வீடுகளிலுங் கேட்கின்றோம். அந்த நாலுபேரும் நாமேயன்றோ!