ஷூ வாங்குவது ஆடம்பரமல்ல

நம் பகுதிகளில் ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. காலை 4.30 மணிக்கு ஏரிக்கரையிலோ புறவழிச்சாலை ஓரத்திலோ அறுவடை முடிந்த வயலிலோ போய்ப் பாருங்கள். இரண்டாம்நிலைக் காவலர் தேர்வுக்காக ஓடும் தம்பிகளும் தங்கைகளும் இருப்பார்கள். ஆண்களுக்கு 7 நிமிடத்தில் 1500 மீட்டர். பெண்களுக்கு 2 நிமிடம் 30 விநாடியில் 400 மீட்டர். ராணுவத்துக்கு முயல்கிறவர்களுக்கு 1.6 கிலோமீட்டர். இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

தேர்வு முடிந்தால் ஓட்டமும் முடிந்துவிடுகிறது. தேறியவர் பணிக்குப் போகிறார். தேறாதவர் டெலிவரி வேலைக்கோ கம்பெனி ஷிப்டுக்கோ போகிறார். இரண்டு பேரும் அதன் பிறகு ஓடுவதில்லை. ஓடுவது அவர்களுக்கு ஒரு நாளும் பிடித்ததாக இருந்ததில்லை என்பதுதான் காரணம். மூச்சு வாங்கியது, கால் வலித்தது, கொப்புளம் வந்தது, நேரம் தவறினால் வாழ்க்கையே போய்விடும் என்ற பயம் இருந்தது. இதில் பிடிக்க என்ன இருக்கிறது?

சமூகவியல் முதுகலையில் நாங்கள் படித்த பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியூ, விளையாட்டுக்கும் வர்க்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1970களில் எழுதினார். உழைக்கும் மக்கள் தங்கள் உடலை ஒரு கருவியாகவே பார்க்கப் பழக்கப்படுகிறார்கள், வசதி படைத்தவர்கள்தான் உடலைப் பேணுவதையே ஒரு நோக்கமாக வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நம்மிடம் இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. மூட்டை தூக்கவும் சாக்கடை அள்ளவும் களை எடுக்கவும் தேர்வில் தேறவும் இந்த உடல் வேண்டும். சும்மா சந்தோஷத்துக்காக இந்த உடலை வைத்து ஏதாவது செய்யலாம் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை.

ஆகவே இந்த முறை ஓட்டத்தை இனிமையாக்கும் பொருள்களைப் பற்றி எழுதுகிறோம். வன்கொடுமை வழக்குகளைப் பற்றி எழுதும் இடத்தில் ஷூவும் வாட்ச்சுமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் சேர்ந்த நன்கொடையில் ஷூ வாங்கலாம் என்றபோதே, "புத்தகம் வாங்குங்க, ஷூ எதுக்கு? ஆடம்பரம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்த கதையை நம் பாட்டிமார், தாத்தாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தோலைப் பதப்படுத்தியதும் செருப்பு தைத்ததும் நம் மக்கள். அதைப் போட்டுக்கொண்டு நடக்கத் தடையும் நம் மக்களுக்குத்தான். இது பழங்கதை என்று யாராவது சொன்னால் சட்டத்தைக் காட்டுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் கொண்டுவரப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் காலணியோ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது குற்றம் என்று அந்தத் திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. 21ஆம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து செருப்பு அணியும் உரிமைக்காக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.

இன்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளிலும் செய்யாறு சிப்காட்டிலும் உலகம் முழுவதும் போகும் ஷூக்கள் தயாராகின்றன. அங்கே வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்களில் நம் அக்கா தங்கைகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஒட்டித் தைக்கும் ஷூ அவர்கள் வீட்டுப் பிள்ளையின் காலிலும் இருக்க வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரமா?

"வெறுங்காலில் ஓடியே சாதித்தவர்கள் இல்லையா?" என்ற கேள்வி அடுத்து வரும். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலாவை உதாரணம் காட்டுவார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அவர் வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். உண்மைதான். அவருக்குக் கிடைத்த ஷூ காலுக்குப் பொருந்தவில்லை என்பதும் உண்மை. நான்கு ஆண்டு கழித்து 1964இல் டோக்கியோவில் அவர் ஷூ போட்டுக்கொண்டு ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் தங்கம். ஷூதான் அவரை வெல்ல வைத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பொருத்தமான ஷூ கிடைத்தபோது அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைத்தான் சொல்கிறோம். ரோம் படத்தைப் பகிர்கிறவர்கள் டோக்கியோ படத்தைப் பகிர்வதில்லை.

நம் மண்ணிலும் அப்படி ஒருவர் உண்டு. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். கல்லூரிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடியவர். பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவருடைய வெறுங்காலைப் புகழ்ந்து எழுதுவது எளிது. ஷூ வாங்க முடியாமல் பள்ளி மைதானத்தோடு நின்றுபோனவர்களைப் பற்றி யார் எழுதுவது?

இனி பொருள்களுக்கு வருவோம். எங்கள் மையத்தில் பிள்ளைகளோடு நாங்களும் ஓடிப் பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் ஷூ. பள்ளிக்கூட கான்வாஸ் ஷூவின் அடி தட்டையான ரப்பர். தார்ச்சாலையில் ஓடினால் அதிர்ச்சி நேராக முழங்காலுக்கு ஏறும். ஓடுவதற்கென்று செய்த ஷூவில் நடுவே ஃபோம் அடுக்கு இருக்கும். விலை குறைந்த வகையே போதும். கட்டட வேலையில் இரண்டு மூன்று நாள் கூலிக்குள் கிடைக்கும். மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பழைய ஷூ சந்தையில் வாங்குவதாக இருந்தால் மேல்துணியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஃபோமை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலோ ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் ஃபோம் தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு.

அடுத்து சாக்ஸ். இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. சீருடைக்கு வாங்கிய பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம்தான். நைலான், பாலியஸ்டர் கலந்த சாக்ஸ் சீக்கிரம் காயும். குறைந்த செலவில் அதிக வேதனையைப் போக்கும் பொருள் இதுதான்.

எங்கள் குழுவில் ஒரு தங்கை திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். நன்றாக ஓடுகிறவள். என்ன காரணம் என்று எங்களில் மூத்த அக்கா ஒருவர் வீட்டுக்கே போய்க் கேட்டபோதுதான் சொன்னாள்: "துப்பட்டாவ இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடினா மூச்சு முட்டுது அக்கா. கட்டாம ஓடினா ரோட்டுல போறவங்க பார்வை சரியில்ல." அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா. அதன் பெயரைக்கூட அவள் கேட்டதில்லை. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், ஹிண்டா மில்லர், பாலி ஸ்மித் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் உள்கச்சை இரண்டைச் சேர்த்துத் தைத்து உருவாக்கியது அது. ஆண்களின் உடலுக்கு வேண்டியதைச் சந்தை முன்பே யோசித்து வைத்திருந்தது, பெண்கள் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பயிற்சிக் குழு நடத்தும் தம்பிகளே, ஷூவுக்கு நிதி திரட்டும்போது இதையும் பட்டியலில் எழுதுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தத் தங்கை இப்போது மறுபடி வருகிறாள்.

வாட்ச் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். சேட்டிலைட் வழியே தூரம் காட்டும் ஜிபிஎஸ் வாட்ச் நல்ல பொருள்தான், ஆனால் கட்டாயமில்லை. 1989இல் வெளிவந்து இன்றுவரை விற்பனையாகும் கேசியோ எஃப்-91டபிள்யூ போன்ற சாதாரண டிஜிட்டல் வாட்ச்சே போதும். எடை 21 கிராம். விநாடியில் நூறில் ஒரு பங்குவரை அளக்கும் ஸ்டாப்வாட்ச் அதில் உண்டு. பேட்டரியும் சுமார் 7 ஆண்டு வரும். அதை வைத்து முதல் நாளே 7 நிமிடத்தைத் துரத்தாதீர்கள். ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள், ஒரு நிமிடம் நடங்கள், பத்து முறை. பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச முடிந்தால்தான் சிரிக்கவும் முடியும்.

பாட்டு கேட்டுக்கொண்டு ஓட எல்லோருக்கும் ஆசை. எங்கள் பறைக் குழுவினர் ஒரே சீராக அடித்த அடியை செல்போனில் பதிவு செய்தோம். நிமிடத்துக்கு 160 அடி. பெரிய எட்டு வைத்து முழங்காலை வருத்திக்கொள்ளாமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து ஓட அது பழக்கியது. எங்கள் மையத்தில் எல்லோருக்கும் பிடித்த கருவி இதுதான், இதற்குக் காசும் இல்லை. ஆனால் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள். இன்னொரு காது லாரிக்கும் நாய்க்கும் வேண்டும்.

இருட்டில் ஓடுகிறவர்களுக்கு, சாலைப் பணியாளர்கள் போடும் ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட்டும் தலையில் மாட்டும் சிறு டார்ச்சும் உயிர்காக்கும் பொருள்கள். நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் போகும், ஆகவே நீங்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள்.

செல்போன் செயலிகளில் ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ராவா போன்ற செயலிகள் நீங்கள் ஓடிய பாதையை வரைபடமாக்கி மற்றவருக்குக் காட்டக் கூடியவை. 2017 நவம்பரில் அந்த நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் இருப்பிடமே வெளியே தெரிந்துவிட்டது. ஒரு பெண் தினமும் எத்தனை மணிக்கு, எந்தத் தெருவிலிருந்து கிளம்பி, எந்த வழியாகத் திரும்புகிறாள் என்பது தெரியக் கூடாதவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டங்களில் விளக்க வேண்டியதில்லை. முதல் வேலையாக, பாதையை யாரும் பார்க்க முடியாதபடி செட்டிங்ஸில் மாற்றுங்கள்.

வேண்டாதவையும் உண்டு. கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூ வேண்டாம். அது மாரத்தானில் விநாடிகளை எண்ணும் வீரர்களுக்கு. அதன் அடி 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020இல் விதி போட வேண்டிய அளவுக்குப் போட்டி நடந்தது. கெண்டைக்கால் உறை, சத்து ஜெல், விசேஷ பானம் எதுவும் 1500 மீட்டருக்குத் தேவையில்லை. இரண்டு வாழைப்பழமும் தண்ணீரும் போதும்.

கடையில் கிடைக்காத ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. ஓட ஓர் இடம். நாங்கள் வேலை செய்யும் ஒரு கிராமத்தில் அரசு மைதானம் ஊருக்குள் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் போனால், "காலங்காத்தால இங்க என்னடா வேலை?" என்ற கேள்வி வரும். அதனால்தான் அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடுகிறார்கள். எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் இந்தக் கேள்வியின் பயம் போகாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டங்களுக்குப் பத்துப் பேராகப் போங்கள். மைதானம் எல்லோருக்கும் பொது என்றும், காலனியிலிருந்து அதற்குப் போகும் வழியில் தெருவிளக்கு வேண்டும் என்றும் எழுத்தில் கொடுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தடுப்பவர் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று குறித்து வையுங்கள்.

எங்கள் மையத்தில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இப்போது ஷூ அலமாரி ஒன்றும் இருக்கிறது. அளவு வாரியாக அடுக்கி, நூலகம் போலப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்கிறோம். சாக்ஸ் மட்டும் அவரவருக்குச் சொந்தம். உங்கள் விடுதியிலும் உங்கள் தெருவிலும் இதைத் தொடங்கலாம், நான்கு ஜோடி போதும். வேலைக்குப் போன அண்ணன்கள் பரண்மேல் போட்டுவைத்திருக்கும் ஷூவிலிருந்தே தொடங்குங்கள். கொடுக்க வரும் அண்ணனையும் விடாதீர்கள், ஒரு ஜோடியை அவர் காலிலேயே மாட்டி ஒரு சுற்று ஓடக் கூப்பிடுங்கள்.

தேர்வுக்காக ஓடுங்கள் தோழர்களே, தேர்வு முடிந்த மறுநாளும் ஓடுங்கள்.

ஜெய் பீம்.